விலங்கு ஏறிய ஜப்பானியப் பூச்சாடி: எந்த ஊர்ச் சூளையுடையதை வாங்கலாம்?

சாடியின் தோளில் குரங்கு ஏறி உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் கழுத்திலிருந்து அடிவரை டிராகன் சுற்றிக் கிடக்கும். வேறொன்றில் வாய் விளிம்பைப் பற்றிக்கொண்டு நண்டு தொங்கும். இணைய ஏலங்களில் இவை எல்லாமே "கையால் செய்த ஜப்பானிய ஸ்டோன்வேர்" (உயர்ந்த சூட்டில் சுட்ட கெட்டியான மண்பாண்டம்) என்ற ஒரே பெயரில் வருகின்றன. அந்தப் பெயருக்குள் டோக்கியோவின் சுமிதா, ஐச்சி மாநிலத்தின் டோக்கோநாமே, மியே மாநிலத்தின் பான்கோ, யோகோஹாமாவின் மகுஸு, ஒக்கயாமாவின் பிசென் என்று குறைந்தது ஐந்து மரபுகள் இருக்கின்றன. மண், சூடு, மேற்பூச்சு, உடையும் இடம் எதிலும் இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். இன்னொன்றை ஈரத்துணியால் துடைத்தாலே நிறம் கையோடு வந்துவிடும்.

அழகையும் விலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விலங்கு சாடியோடு சேரும் ஒட்டை முதலில் பாருங்கள். எது எங்கே உடையும், எது ஏற்கெனவே உடைந்து மறைக்கப்பட்டிருக்கிறது, எதைப் புழங்கலாம், எதைப் பார்க்க மட்டும் வைக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.

ஒட்டு எப்படிப் பிடிக்கிறது, ஏன் விடுகிறது

சாடி சக்கரத்திலோ அச்சிலோ உருவான பிறகு, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத, நகத்தால் கீறினால் கோடு விழுகிற பதத்துக்கு அதைக் காயவிடுவார்கள். விலங்கும் அதே மண்ணில், ஏறக்குறைய அதே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒட்டும் இடம் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, நடுவில் காற்று நிற்காதபடி அழுத்தி, விளிம்பைச் சுற்றி மண்ணை இழுத்து மூடுவார்கள். பிறகு துணியோ தாளோ போர்த்தி மெதுவாகக் காயவைக்க வேண்டும். காது, வால், மீசை, நகம் போன்ற மெல்லிய நுனிகள் முதலில் காய்ந்து சுருங்கும். அவற்றை மட்டும் தனியாகச் சுற்றி வைப்பதும் உண்டு.

காய்வதிலும் சுடுவதிலுமாக மண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். சில மண் அதற்கும் மேலே. சாடி காய்ந்த பிறகு ஈர விலங்கை ஒட்டினால், விலங்கு மட்டும் சுருங்கி ஒட்டைக் கிழிக்கும். உருவம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் திண்ணமாக இருந்தால் உள்ளே ஈரம் தங்கும். சூளை 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி உருவத்தையே வெடிக்கவைக்கும். அதனால் பெரிய விலங்குகளை உள்ளே குடைந்து, கண்ணில் படாத இடத்தில் சிறு துளை விடுவார்கள். வயிற்றுக்கு அடியிலோ, சாடியின் உட்புறத்தில் விலங்கு ஒட்டிய இடத்திலோ அப்படி ஒரு துளையைக் கண்டால் அதைக் குறையாக எண்ண வேண்டாம், தொழில் தெரிந்தவரின் கை அது. 573 டிகிரியில் இன்னொரு கண்டம்: மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும். தடித்த உடலும் மெல்லிய காலும் ஒரே நேரத்தில் அந்தச் சூட்டைக் கடக்காவிட்டால், குறிப்பாக ஆறும்போது, கால் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் விழும்.

வாங்குகிறவருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. விரிசலின் ஓரம் மழுங்கி, உள்ளே மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு) இறங்கியிருந்தால் அது சூளையிலேயே விழுந்தது. நூறு ஆண்டு தாங்கியது இனியும் தாங்கும். ஓரம் கூராக, உள்ளே மண் வெளுத்தோ அழுக்கேறியோ இருந்தால் பிற்பாடு அடிபட்டது; அதற்கு விலை குறைய வேண்டும்.

சுமிதா: அதிகம் கிடைப்பது, அதிகம் ஏமாற வைப்பது

விலங்கு ஒட்டிய ஜப்பானியச் சாடி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சுமிதாதான். சேத்தோ என்ற மட்பாண்ட ஊரிலிருந்து வந்த இனோவே ரியோசாய் டோக்கியோவின் அசாகுசா பகுதியில், சுமிதா ஆற்றங்கரையில் தொடங்கிய மரபு இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை, பெரும்பாலும் மேலை நாடுகளுக்கு அனுப்புவதற்காகவே செய்தார்கள். கனமான உடல், வாயிலிருந்து தோள்வரை கெட்டியாக வழிந்து நிற்கும் பலநிற மெருகு, அதற்குக் கீழே சிவப்பு, பச்சை, கறுப்பு, பழுப்பு என்று ஒரே நிறப் பரப்பு, அதன்மேல் குரங்குகள், யானைகள், டிராகன்கள், ஏறி விளையாடும் குழந்தைகள்.

அந்த ஒரே நிறப் பரப்புதான் கவனிக்க வேண்டியது. பல சாடிகளில், குறிப்பாகச் சிவப்பில், அது சூளையில் சுட்ட மெருகு அல்ல. சுட்டு எடுத்த பிறகு மேலே பூசிய வண்ணம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் உரியும், ஸ்பிரிட் பட்டால் கரையும், பல ஆண்டுகள் கைபட்ட இடத்தில் தேய்ந்து மண் தெரியும். விற்பவர் பளபளவென்று கழுவிப் படம் எடுத்திருந்தால் பாதிச் சிவப்பு அப்போதே போயிருக்கலாம். சாடியின் புடைத்த நடுப்பகுதியில் இயல்பாகத் தேய்ந்த சிவப்பு ஒரு குறையல்ல. எங்கும் ஒரே சீராகப் புத்தம்புதிதாக இருக்கும் சிவப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். சுடாத வண்ணமாக இருப்பதால் மீண்டும் பூசுவது எளிது. அந்தப் பூச்சுக்குக் கீழே ஒட்டவைத்த கையோ ஒட்டவைத்த வாலோ இருக்கலாம்.

குரங்கின் விரல்களும் வாலும், யானையின் தந்தமும், டிராகனின் கொம்பும் முதலில் போகும். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பிசினும் புதுப் பெயின்ட்டும் பெரும்பாலும் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும் அல்லது திட்டாக மங்கும். அடியைத் திருப்பி நடுவில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சாடிகளில் நிறைய மேசை விளக்காக மாற்றப்பட்டவை. பிறகு துளைத்த ஓட்டையின் ஓரம் சொரசொரப்பாக, புதுமண் நிறத்தில் இருக்கும்.

முத்திரை தனியாக ஒட்டிய சிறு வெள்ளைப் பட்டயத்தில் எழுதப்பட்டிருக்கும்: ரியோசாய், இஷிகுரோ கோக்கோ, ஹரா ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். ரியோசாய் என்ற பெயரை மூன்று தலைமுறை வைத்துக்கொண்டது, ஆகவே பெயரை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. ஏற்றுமதி முத்திரை கொஞ்சம் உதவும். 1891 முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. "நிப்பான்" என்று இருந்தால் அதிலிருந்து 1921 வரையான காலம். 1921க்குப் பிறகு "ஜப்பான்" என்ற ஆங்கில வடிவமே செல்லும் என்றாயிற்று. முத்திரை இல்லாததால் மட்டும் போலி என்று ஒதுக்க வேண்டாம். இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது: பழைய விற்பனைக் குறிப்புகளில் சுமிதாவைக் கொரியப் பாண்டம் என்று தவறாக எழுதியிருப்பார்கள். அந்தத் தலைப்பில் தேடுகிறவருக்கு நல்ல சாடி குறைந்த விலையில் அகப்படுவதுண்டு.

டோக்கோநாமே: டிராகன் மட்டும் போதும் என்பவருக்கு

ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று டோக்கோநாமே. மெய்ஜி காலத்தில் (1868–1912) இங்கே செந்நிற இரும்புமண்ணில் மெருகில்லாமல், உடல் முழுக்க டிராகன் சுற்றிய சாடிகளைச் செய்து கப்பலேற்றினார்கள். இவற்றுக்கு ரியூமாகி என்று பெயர். விலங்கு என்றால் அநேகமாக டிராகனும் மேகமும்தான், மூன்று நகக் கால்களோடு.

சுமிதாவில் விலங்கைத் தனியாகச் செய்து கொண்டுவந்து ஒட்டுவார்கள். ரியூமாகியில் மண்திரியைச் சாடிமேல் வைத்துக் கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்து, சாடியின் மேலேயே டிராகனை எழுப்பிவிடுவார்கள். பிறகு மூங்கில் கருவியால் செதில் குத்துவார்கள். ஒட்டுப் பரப்பு அகலம், விளிம்பு சாடியோடு கரைந்துபோகும். அதனால் டிராகனின் உடல் பெயர்ந்து விழுவது அரிது. மீசை, கொம்பு, தூக்கி நிற்கும் நகம் ஆகிய மூன்றைப் பார்த்தால் போதும். உரிய வேண்டிய பூச்சும் பெரும்பாலும் இல்லை. தூசியை மென்தூரிகையால் தட்டி, தேவையானால் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்கலாம். சில சாடிகளுக்கு வெண்கலம்போலத் தோன்ற கருநிறம் ஏற்றியிருப்பார்கள். அவற்றில் மட்டும் ஈரம் வேண்டாம்.

குறை என்று சொன்னால், எல்லாம் ஒரே தரமல்ல. அவசர ஏற்றுமதிக்குச் செய்தவற்றில் செதில்கள் வரிசை தவறி, முகம் வெறும் உருண்டையாக இருக்கும். டிராகனின் முகத்தைப் பாருங்கள்: கண்ணிமைக்கு அடியில் குடைந்திருக்கிறதா, வாயின் உள்ளே பல்லும் நாக்கும் பிரிந்து தெரிகின்றனவா? அவை இருந்தால் நல்ல கை. சில சாடிகள் குறைந்த சூட்டில் வெந்தவை, தண்ணீரை உறிஞ்சும். விரல்மூட்டால் தட்டினால் மந்தமாகச் சத்தம் தருபவை ஒன்று அப்படிப்பட்டவை அல்லது விரிசல் உள்ளவை. இன்றும் இவற்றைச் சீன யீசிங் பாண்டம் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சுமிதாவோடு ஒப்பிட்டால் வழக்கமாக விலை குறைவு, அந்த விலைக்கு இவ்வளவு கைவேலை வேறெங்கும் கிடைக்காது என்பது எங்கள் துணிந்த கருத்து.

பான்கோ

யோக்கைச்சி ஊரின் பான்கோ, சிறிய பொருளை விரும்புகிறவருக்கு. மெய்ஜி காலப் பான்கோவில் உடல் மெல்லியது. சாம்பல் அல்லது இருநிற மண்ணைக் கலந்து பிசைந்தது. மெருகு பெரும்பாலும் இல்லை, அங்கங்கே எனாமல் ஓவியம். குரங்கு, தவளை, பறவை எல்லாம் உண்டு. சுவர் மெலிந்திருப்பதால் விலங்கு உடைவதைவிட வாய் விளிம்பு சில்லு போவதே அதிகம். தேநீர்க் கெண்டிகளே இந்த மரபில் மிகுதி. நல்ல பூச்சாடி கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

மகுஸு: அருங்காட்சியகத்தில் முதலில் பாருங்கள்

மியாகாவா கோசான் 1842இல் கியோத்தோவில் பிறந்தார், 1870இல் யோகோஹாமாவுக்கு வந்து அடுத்த ஆண்டு மகுஸு சூளையைத் தொடங்கினார். அந்நாளில் வெளிநாட்டார் விரும்பிய, சட்சுமா எனப்படும் அலங்காரப் பாண்டங்களில் தங்கத்தைக் கெட்டியாகப் பூசிப் புடைப்பு உண்டாக்குவார்கள். அவர் தங்கத்துக்குப் பதில் மண்ணையே எழுப்பினார். டகா-உகிபோரி எனப்படும் இந்த முறையில் பருந்தும் பூனையும் கரடியும் சாடியிலிருந்து ஏறத்தாழ முழு உருவமாக வெளியே நிற்கும். சாடியின் சுவரைக் குடைந்து குகையாக்கி அதற்குள் விலங்கை வைத்ததும் உண்டு. 1876 பிலடெல்பியா கண்காட்சியில் இவை பரிசு பெற்றன. 1881இல் அவர் செய்த, நண்டுகள் ஏறிய பழுப்பு மெருகுக் கிண்ணம் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்ற தகுதியோடு இருக்கிறது.

இந்த வேலையின் கடினம் மேலே சொன்ன சுருக்கத்தில்தான். மெல்லிய இறகும் தடித்த பாறையும் ஒரே பாண்டத்தில். ஒன்று செய்ய நெடுங்காலம், சூளையில் போனால் எல்லாம் போச்சு. கோசானே பிற்பாடு பீங்கானுக்கும் மெருகுக்கு அடியில் தீட்டும் ஓவியத்துக்கும் திரும்பினார். 1896இல் அரசவைக் கலைஞரானார், 1916இல் மறைந்தார். 1945 மே 29 யோகோஹாமா வான்தாக்குதலில் சூளை அழிந்தது.

ஆகவே உண்மையான டகா-உகிபோரி சாடி குறைவு, விலை மிக அதிகம், போலி நிறைய. முத்திரையை நம்பி வாங்கக் கூடாது. எளிதில் போலி செய்யக்கூடியது அதுதான். இறகுகளின் அடிப்பக்கத்தையும், நகங்களுக்கும் சாடிச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். அச்சில் எடுத்த போலியில் அடிப்பக்கம் மழுங்கி, இணைப்புக்கோடு தெரியும். கோசானின் வேலையில் மறைந்த பக்கமும் முடிக்கப்பட்டிருக்கும். யோகோஹாமாவில் அவர் பெயரிலேயே மகுஸு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயோ டோக்கியோவிலோ அசலைக் கண்ணால் பார்க்காமல் இந்த வகையில் பணம் போட வேண்டாம். வாங்கினாலும் இதில் பூ வைப்பது சரியல்ல.

பிசென்: தண்ணீரும் பூவும் வேண்டுமென்றால்

இம்பே ஊரைச் சுற்றிய நெல்வயல்களின் அடியிலிருந்து எடுக்கும் பசைமண், மெருகே இல்லை, சிவப்புப் பைன் விறகு. மண் மிக அதிகமாகச் சுருங்குவது, சட்டென்று ஏறும் சூட்டைத் தாங்காது. அதனால் 10 முதல் 14 நாள் வரை மெல்ல மெல்ல ஏற்றி 1200 டிகிரிக்கு மேல் கொண்டுபோவார்கள். சாம்பல் படிந்து உருகிய புள்ளிகள், வைக்கோல் சுற்றிய இடத்தில் செங்கோடு, கரியில் புதைந்த இடத்தில் கருநீலம் எல்லாம் சூளையே போட்ட நிறம். உரிய ஒன்றும் இல்லை.

எடோ காலத்தில் (1603–1868) இங்கே சைகுமோனோ என்ற நுண்சிற்ப வேலை ஓங்கியிருந்தது: சிங்கம், பறவை, தெய்வ உருவங்கள். பெரும்பாலும் அவை தனிச் சிலைகள். சாடியில் வரும்போது இரு தோள்களிலும் சிங்கமுகக் காதுகளாகவோ, சுவரில் தொங்கும் விலங்குருவப் பூக்கூடாகவோ வரும். குரங்குக் கூட்டத்தை எதிர்பார்க்கிறவருக்கு இது அடக்கமாகத் தோன்றலாம். ஆனால் சிங்கக் காது சிறியது, தடித்தது, உடலோடு ஒட்டியது; உடைய இடமே குறைவு. இன்றும் அங்கே செய்கிறார்கள், ஆகவே புதிதாக, செய்தவரிடமே கேட்டு வாங்கலாம்.

மெருகில்லாததால் புதுச் சாடி முதலில் கசியக்கூடும். வாங்கியதும் தண்ணீர் நிரப்பித் தட்டின்மேல் ஓரிரவு வையுங்கள். அடியில் ஈரவட்டம் தெரிந்தால், அரிசி கழுவிய தண்ணீரைச் சில நாள் நிரப்பி மாற்றி மாற்றி வைத்தால் நுண்துளைகள் அடைபடும். அதற்குப் பிறகும் சொட்டினால் அது துளையல்ல, விரிசல், திருப்பிக் கொடுங்கள். மரமேசையில் வைப்பதானால் எப்போதும் அடியில் தட்டு.

எதை எடுப்பது

வாரந்தோறும் பூ மாற்றுகிறவருக்குப் பிசென். இதில் எங்களுக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. அலமாரியில் நிற்கும் ஒரே ஒரு வலுவான பொருள் வேண்டும், பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் நல்ல முகமுள்ள டோக்கோநாமே டிராகன். விலங்குகளின் விளையாட்டும் நிறமும்தான் மனத்தை இழுக்கிறதென்றால் சுமிதா. ஆனால் அதில் சிவப்பு கொஞ்சம் தேய்ந்த, விரல்கள் முழுதாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சிவப்பு முழுதாக, விரல்கள் ஒட்டவைத்ததாக இருப்பதை அல்ல. குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் நீட்டி நிற்கும் உறுப்புள்ள எதுவும் இடுப்பளவு உயரத்தில் நிற்கக் கூடாது.

சுமிதாவிலும் டோக்கோநாமேயிலும் பூ வைத்தே தீர வேண்டுமென்றால், ஜப்பானியர் ஒட்டோஷி என்று சொல்லும் உட்குழலைப் போட்டு அதில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். சாடியின் கழுத்தைவிட அரை சென்டிமீட்டர் மெலிந்த கண்ணாடிச் சோதனைக்குழாயே போதும். விலங்கு ஒரு பக்கமாக நிற்கும் சாடி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அடிக்குள் ஒரு துணிப்பையில் உலர்மணல் போட்டு எடையைக் கீழே இறக்கலாம். மணலை நேரடியாகக் கொட்ட வேண்டாம், எடுக்கும்போது உட்சுவரைக் கீறும்.

விற்பவரிடம் ஆறு படங்கள் கேளுங்கள்: நான்கு பக்கம், அடி, வாய்வழி உட்புறம். அதோடு ஒவ்வொரு விலங்கின் நுனிகளையும் கிட்டத்தில். உட்புறப் படத்தைக் கேட்க மறக்காதீர்கள், விலங்கு ஒட்டிய இடத்துக்கு நேர் உள்ளே விரிசல் ஓடுகிறதா என்பது அதில்தான் தெரியும். எடையையும் கேளுங்கள், அச்சில் வார்த்த மெல்லிய நகல் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அனுப்பும் முறையையும் நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது. குமிழ்த்தாளை இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டினால், அந்த இறுக்கமே வாலை ஒடிக்கும். முதலில் விலங்கைச் சுற்றியுள்ள பள்ளங்களில் மென்தாளைக் கசக்கி நிரப்பி, நீட்டிய உறுப்பும் சுற்றிலும் உள்ள தாளும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். பஞ்சு கூடாது, நகத்திலும் மீசையிலும் மாட்டிக்கொண்டு பிரிக்கும்போது இழுக்கும். அதற்குமேல்தான் குமிழ்த்தாள், தளர்வாக. பிறகு பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பல். வந்ததும் பிரிப்பதைப் படம் பிடியுங்கள். கசக்கிய தாளை உதறிப் பார்க்காமல் எறியாதீர்கள், உடைந்த காது அதற்குள் இருக்கலாம். சாடியைத் தூக்கும்போது ஒரு கை அடியில், ஒரு கை கழுத்தில். விலங்கைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது.